நரிக்குட்டி போட்ட மிட்டாய்க் கூம்பு

எர்ஃபுர்ட்,
ஜூலை 26

அன்புள்ள ஹென்னிங்,

இங்கே இருவரும் நலம். நீ நலமா என்று போனில் கேட்டால் 'ம்' என்கிறாய். எப்போது வருகிறாய் என்றால் 'பார்க்கலாம்' என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். இதைப் பாதியில் துண்டிக்க முடியாதே.

இன்று தெக்ளாவை ஆங்கர் வீதிக்குக் கூட்டிப்போனேன். பள்ளியில் சேரும் நாளில் பிள்ளை மிட்டாய் நிரப்பித் தூக்கிப்போகும் காகிதக் கூம்பை வாங்க வேண்டுமே. சனிக்கிழமைக் கூட்டம் டிராமுக்குக்கூட வழிவிடவில்லை. உன் மகள் ஒரு கடையையும் விடாமல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "இது அப்பாவுக்கு நல்லாருக்கும்ல?" என்று கேட்டாள். நார்வேயில் காற்றாலை ஏறுகிறவனுக்குப் பட்டு டைகூடத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது, போ.

பசிக்கிறது என்றாள். நம் ஊவெயின் சாசேஜ் கடையில் நின்றோம். இவள் தக்காளி சாஸ் கேட்டுத் தொலைத்தாள்! ஊவெ இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார். "அடக் கடவுளே, நம்மூர்ல சாசேஜுக்குக் கடுகு சாஸைத் தவிர வேற தொடுவாங்களா? அப்பன் ஊர்ல இல்லாத பிள்ளைன்னு இப்பவே தெரியுதே!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாவம், அவருக்கு என்ன தெரியும்? நீ வேலைக்குப் போயிருக்கிறாய் என்றுதான் ஊருக்கும் பிள்ளைக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். 'கொஞ்ச நாள் தனியாக இருந்து யோசிக்கிறேன்' என்று ஈஸ்டரின்போது நீ சொன்னதை யாரிடம் சொல்வேன்? யோசனைக்கும் ஓர் எல்லை இல்லையா?

கடையில் கூம்புகள் சின்னதும் பெரியதுமாகத் தொங்கின. இவள் கண் நரிக்குட்டிப் படம் போட்ட பெரியதிலேயே இருந்தது. அது இவள் தோள்வரை வருகிறது. "பிள்ளைதானே தூக்கணும், சின்னதா எடுங்க" என்றார் கடைக்கார அம்மாள். நியாயம்தான். ஆனால் தெக்ளா என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அப்பா வந்தா பெருசு வாங்கலாம், அவர் ஒரு பக்கம் புடிச்சுப்பார். வரலைன்னா சின்னது. நீயே சொல்லும்மா, எது?"

பின்னால் வரிசை நிற்கிறது. பெரியதை வாங்கிவிட்டேன்.

திரும்பும்போது டிராமில் கண்டவர்களிடமெல்லாம் "எங்கப்பா வரப்போறார்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவளை அடக்க எனக்கு மனம் வரவில்லை. நானும் ஆசையாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

மகளுக்காக வா என்று எழுதுவது சுலபம். எனக்கும் உன்னைத் தேடுகிறது ஹென்னிங். கட்டிலில் உன் பக்கம் வெறுமையாகக் கிடக்கக் கூடாதென்று துவைத்த துணிகளை அடுக்கிவைக்கிறேன். சிரிக்காதே.

ஆகஸ்ட் ஒன்பது, சனிக்கிழமை, காலை பத்து மணிக்குப் பள்ளியில் விழா. கூம்பில் பாதிவரைதான் நான் நிரப்பப்போகிறேன். மற்றவர்களைப் போல அடியில் பழைய செய்தித்தாளைத் திணித்து நிறைத்துக் காட்ட எனக்கு மனமில்லை. மேல் பாதி நீ வந்து நிரப்புவதற்கு, அதுவரை ரிப்பனும் கட்டமாட்டேன்.

உயரத்தில் ஏறும்போது கவனம். நல்லபடியாக வந்து சேர்.

உன்,
சில்கே