குங்குமம் வைத்த டாலர் செக்

வடக்குப்பட்டு,
ஆவணி 4.

அன்பு மகள் எழிலரசிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அமெரிக்காவில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். மனசுதான் மூன்று நாளாகப் பதறிக்கொண்டே இருக்கிறது. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன், அப்பா போட்டோ எடுத்து அனுப்புவார்.

நம் மெஸ் நடக்கும் கட்டடத்தை வாங்க மீதிப் பணமாக நீ அனுப்பிய பத்தாயிரம் டாலர் செக் ஆடி இரண்டாம் தேதியே வந்துவிட்டது. போன வருஷம் எவனோ ஓடிபி கேட்டு நம் கணக்கைத் துடைத்ததிலிருந்து, பணம் காகிதமாகத்தான் வர வேண்டும் என்று அடம்பிடித்தவள் நான்தானே. நல்ல காரியத்துக்கான பணத்தை ஆடியில் எடுக்க வேண்டாம் என்று நாலு மூலையிலும் மஞ்சள் குங்குமம் வைத்து சாமி படத்தடியில் வைத்துவிட்டேன். அன்றைய டாலர் விலையைப் பேப்பரில் பார்த்துப் பெருக்கி, காலண்டரில் எழுதி, இவ்வளவு ரூபாய் தருகிறேன் என்று கட்டடச் சொந்தக்காரர் அண்ணாதுரையிடம் சொல்லியும்விட்டேன்.

ஆவணி பிறந்ததும் சுங்குவார்சத்திரம் பேங்குக்குப் போனேன். அங்கே வேலை பார்க்கும் நாச்சியார், திருநெல்வேலிப் பெண், நம் மெஸ்ஸில் சாப்பிடுகிறவள், செக்கை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது செக்கா, கல்யாணப் பத்திரிகையாம்மா? கையெழுத்தே தெரியலையே, அந்த ஊரு பேங்குல திருப்பி அனுப்பிருவாங்க" என்றாள். புதிதாக எழுதி வாங்கினால் காலண்டரில் எழுதிய ரூபாயாவது வருமா என்று கேட்டேன். அதற்கும் இல்லை என்றுவிட்டாள். செக்கில் இருக்கிற டாலர் மாறாதாம், ஆனால் ரூபாய்க் கணக்கு நீ எழுதிய நாளுக்கும் இல்லை நான் கொடுத்த நாளுக்கும் இல்லை, பேங்க் பணம் கொடுக்கிற நாள் விலைக்குத்தானாம், சட்டமே அப்படியாம், அதுவும் செக் அமெரிக்கா போய்ப் பணமாகி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகுமாம். இத்தனை வருஷம் கணக்குப் பார்த்துச் சோறு போட்டவள் இது தெரியாமல் வாக்குக் கொடுத்திருக்கிறேனே என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த இடத்தை வண்டி நிறுத்த ஏதோ கம்பெனி கேட்கிறதாம். "ஆவணி முப்பது வரிக்கும்தான்மா, அப்பால என்னாண்ட கேக்காத" என்று அண்ணாதுரை முடித்துவிட்டார். மெஸ் போனால் பேக்டரியில் ஷிப்ட் முடித்துச் சாப்பிட வரும் நாற்பது பிள்ளைகளும் எங்கே போவார்கள். அதனால் பயத்தை விட்டுவிட்டேன், பணத்தை நேராகக் கணக்குக்கே போட்டுவிடு, நம்பரை நாச்சியார் எழுதிக் கொடுத்திருக்கிறாள், அந்தச் சீட்டையும் அப்பா இதோடு அனுப்புவார். ரூபாய் குறைந்தால் என் வளையல் இருக்கிறது.

ஒன்றை மறைத்துவிட்டேன். மூலையில் வைத்த குங்குமம் எதையும் கெடுக்கவில்லை. மூன்று வருஷம் கழித்து உன் கையெழுத்தைப் பார்த்ததும், உன் நெற்றியாகவே நினைத்து அதன்மேல் ஒரு பொட்டு வைத்துவிட்டேன். அதுதான் ஈஷிக்கொண்டது.

தீர்க்காயுசாக மனம் நிறைந்து இரு. கணக்கு நம்பரை இரண்டு தடவை சரிபார். பிறகு வெறும் தாளில் கையெழுத்தை மட்டும் போட்டுத் தபாலில் அனுப்பு, அதை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

உன் அம்மா,
சரோஜா.