இனாகஸுக்கு நேர்ந்த முடி

எகிப்து மன்னரின் படையில் இருக்கும் மகன் தீமாந்தஸுக்கு, ஆர்கோஸிலிருந்து தாய் அரிஸ்தோடாமா எழுதுவது. நீ நலமென்றால் சரி. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வயிறுதான் எரிகிறது.

எண்ணெய் வியாபாரி பிலோனிகஸ் போன மாதம் அங்கிருந்து திரும்பினான். நான் வைத்த அத்திப்பழத்தைத் தின்றுகொண்டே, "ஒம் மகன் முடிய வெட்டி நைல் ஆத்துல விட்டுட்டான். நிலம் குடுத்துருக்காங்க. இனி அவன் அந்த ஊர்க்காரன்" என்றான். நல்ல செய்தி சொன்ன நினைப்பு அவனுக்கு! தட்டைப் பிடுங்கிக்கொண்டேன்.

அந்த முடி உன்னுடையதா? ஏழு வயதில் ஜுரத்தில் நீ கண் சொருகிக் கிடந்தபோது, பிழைத்து ஆளானால் இனாகஸ் ஆற்றுக்கே உன் முடி என்று நேர்ந்துகொண்டவள் நான். கப்பல் ஏறும் முன் நீயும் ஆற்றங்கல்லில் கை வைத்து, "திரும்பி வந்து ஒனக்கே தர்றேன்" என்று சத்தியம் செய்தாய். அன்று அதில் தண்ணீர் இல்லை. "இதெல்லாம் ஒரு ஆறாம்மா? ஆடு கால் நனையாம தாண்டும்" என்று சிரித்தாய்.

ஏன் தண்ணீர் இல்லை என்று உனக்குத் தெரியாதா? இந்த மண் யாருக்கு என்று நம் தெய்வம் ஹீராவும் கடல்தெய்வம் பொசைடனும் சண்டையிட்டபோது, ஹீராவுக்கே என்று பயப்படாமல் சொன்னது நம் ஆறு. கடல்தெய்வம் கோபத்தில் அதை வற்ற அடித்தது. சொன்ன சொல்லுக்காக ஓர் ஆறு தண்ணீரையே இழந்தது. உனக்கு ஒரு பிடி முடியைக் காப்பாற்ற முடியவில்லை!

அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் வடியவில்லை. ஒலிவமரத்தில் இந்த வருஷம் காய் குறைவு. உன்னைப் பற்றி அவர் பேசுவதில்லை. உன் கட்டிலை மட்டும் யாரையும் நகர்த்த விடுவதில்லை.

ஐந்து நாள் முன்பு மழை பெய்து ஆற்றில் தண்ணீர் வந்தது. நேர்த்திக்கடனோடு உன்னை விட மனம் வரவில்லை. என் முடியை அறுத்து, "இத வாங்கிக்க, அவன ஒண்ணும் செஞ்சிராத" என்று விட்டுவிட்டு வந்தேன்.

பெண்கள் இங்கே எதற்கு முடியை அறுப்பார்கள் என்று உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு லைசில்லா ஓடிவந்து, "ஐயோ அக்கா, யாரு போயிட்டா?" என்று கட்டிக்கொண்டு அழுதாள். யாரும் போகவில்லை என்றேன். அவள் நம்பவில்லை, இன்னும் எனக்குக் கஞ்சி கொண்டுவந்து வைக்கிறாள்.

ஹீரா உன்னைக் காக்கட்டும். என் முடி தோளைத் தொடுவதற்குள் வந்து, லைசில்லாவின் கதவை நீயே தட்டு.