யாரிடமும் சொல்லாத ஆறு எண்

என் பெரிய மகளுக்கு,

அம்மா எழுதுவது. நலமாக இருக்கிறேன் என்று எழுதக் கை வரவில்லை. இருக்கிறேன். நீ வெளிநாடு போய்ச் சேர்ந்த படிப்பை விட்டுவிடாதே. திங்கட்கிழமையிலிருந்து தையல் கம்பெனிக்குப் போகிறேன். பட்டன் தைக்கிற பழைய இடம்தான். யாரும் என்னிடம் பேச்சுக் கொடுப்பதில்லை, அதுவும் நல்லதுக்குத்தான்.

உன் தங்கச்சி போனைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் கடைசி நாள், போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு மெல்ல ஏதோ பேசினாள். யாருடி என்றேன். உனக்குத்தாம்மா பேசிப் பதிஞ்சு வச்சிருக்கேன், வீட்டுக்குப் போய்க் கேளு, இப்பக் கேட்டா அழுது ஊரைக் கூட்டுவே என்றாள். போனைத் திறக்கிற ஆறு இலக்கப் பூட்டு எண்ணைக் கேட்கத் தோணவில்லை, பாவி எனக்கு.

அவள்கூடப் படித்த பிள்ளைகள் எட்டுப் பேர் துக்கம் கேட்க வந்தார்கள். அவர்களுக்குள் ஒருத்தி போனின் பூட்டு எண் மற்ற எல்லாருக்கும் தெரியுமாம். சொல்லாதவள் சினேகிதியே இல்லையாம். இவள் மட்டும் சொல்லமாட்டாளாம், பேங்க் லாக்கர் என்றுதான் கூப்பிடுவார்களாம். என் எண்ணைத்தான் வச்சிருப்பா ஆன்ட்டி, என்மேல அவ்வளவு உசுரு என்று ஒவ்வொருத்தியும் தன் எண்ணைப் போட்டாள். தப்பு வர வர, போன் காத்திருக்கச் சொன்னது. காத்திருந்து போட்டார்கள். எட்டும் தப்பு. அவர்கள் போனபிறகு அவள் பிறந்த தேதியை நான் போட்டேன். அதுவும் தப்பு.

இன்னும் ஒரு தடவை தப்பாப் போட்டா மொத்தமும் அழிஞ்சிரும்மா, யாராலும் திறக்க முடியாது என்று ரிப்பேர் கடைக்காரர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உன்னிடம் கேட்டதற்கு, எனக்கும் தெரியாதும்மா, இங்க கூடப் பொறந்தவகிட்டகூட அதைக் கேட்கமாட்டாங்க, கேட்டா அசிங்கம் என்றாய். பிறந்த தேதியை வைக்காதே, அம்மாகிட்டகூடச் சொல்லாதேன்னு நான்தானே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்று அழுதாய். அழாதே. நீ நல்லதைத்தான் சொன்னாய். இங்கே ஒருத்தியின் போனைத் திறந்து அவள் போட்டோவை ஊருக்கே அனுப்பினார்கள். அவள் படிப்பே நின்றுபோனது. உன் தங்கச்சிக்கு அந்தக் கேவலம் வரவில்லை.

அந்த ஒரு தடவையை நான் போடமாட்டேன். தினமும் சார்ஜ் மட்டும் போடுகிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. உன் போனின் பூட்டு எண்ணை எனக்குச் சொல்லவேண்டாம், எனக்கு விவரம் போதாது, கெடுத்துவிடுவேன். அங்கே நீ நம்புகிற ஒருத்தியிடமாவது எழுதிக் கொடுத்து வை. நாலு நாளாகக் காய்ச்சல் என்றாயே, டாக்டரிடம் போனாயா? இன்றைக்கே போ, தாயே.

நீயும் எனக்கு முந்திப் போகக்கூடாது.

அம்மா