வாசலில் கிடந்த செருப்பு

ஒஹாயோ, வெள்ளிக்கிழமை

அன்புள்ளவளுக்கு,

போனில் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன். நான் நலம்.

என்னோடு தங்கியிருந்த ஹஸ்முக் பாய்க்கு பெட்ரோல் பங்கில் இரவு வேலை, எனக்குப் பகல் வேலை. வாசலில் அவர் செருப்பு கிடந்தால் உள்ளே தூங்குகிறார் என்று அர்த்தம். திங்களன்று கிடந்தது. சத்தமில்லாமல் கிச்சடி தின்றுவிட்டுக் கிளம்பினேன். இரவு திரும்பியபோதும் கிடந்தது; விடுமுறை போலும் என்று நினைத்துக்கொண்டேன். செவ்வாயும் அப்படியே.

புதனன்று பங்க் முதலாளி போனில் கத்தினார். "எங்கய்யா அவன்? ரெண்டு நாளா வேலைக்கே வரல!"

"மெதுவாப் பேசுங்க சேட், தூங்குறாரு" என்றேன். அதன்பிறகுதான் அவர் அறைக் கதவைத் திறந்தேன்.

ஊரிலிருந்து அவர் மனைவியும் கூப்பிட்டிருக்கிறாள். எடுக்கவில்லை என்றதும், 'பாவம், தூங்கட்டும்' என்று விட்டுவிட்டாளாம்.

இனி அவருடைய இரவு வேலை எனக்கு. வீட்டில் வேறு யாரும் இல்லை. நான் போனை எடுக்காவிட்டால், தூங்கட்டும் என்று மட்டும் விட்டுவிடாதே.

உன்னவன்