ஹாஜர் புத்தகத்தில் பதினொரு சிவப்புக் கோடுகள்

என் பிரியமான அண்ணனுக்கு, முதல் மணி அடித்து முடிந்த பிறகே எப்போதும் கேட்டுக்குள் நுழைந்த சாமுவேல் சாருக்கு,

திங்கட்கிழமை காலையில் நம் காலேஜில் ஆசிரியர்களின் வருகையைக் குறிக்கும் ஹாஜர் புத்தகத்திலிருந்து உங்கள் பெயரை எடுக்கப்போகிறேன். உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அதைச் செய்ய எனக்குக் கை வரவில்லை. நீங்கள் இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்று முதல் காலேஜ் திறந்த ஒவ்வொரு நாளும் உங்கள் பெயருக்கு நேரே நீல மையில் 'ஹாஜர்' என்று குறித்து வந்திருக்கிறேன்.

எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா அண்ணா? ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பாவம், பிரின்சிபாலம்மா என்று தங்களுக்குள் பேசியிருப்பார்கள்.

காலேஜ் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாலும், பத்தாம் வகுப்பில் தோற்றவர்களைத் தேற்றி மறுபடி பரீட்சைக்கு அனுப்பும் டியூட்டோரியல்தானே அது. பாறசாலையில் ஊர்க்கமிட்டி கூடி ஓலைக் கொட்டகையில் தொடங்கியது. கோயிலுக்குப் போகிறவர்களும் சர்ச்சுக்குப் போகிறவர்களும் சேர்ந்து மூங்கில் சுமந்தார்கள். கமிட்டி உங்களைத்தான் பிரின்சிபாலாக இருக்கச் சொன்னது. "எனக்குக் கூட்டத்துக்குப் போகணும். எனக்க தங்கச்சியப் போடுங்க, அவ எல்லாரையும் நேராக்குவா" என்று என்னை மாட்டிவிட்டு நீங்கள் நம் தாலூகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட தமிழ்ப் போராட்டக் கூட்டங்களுக்குப் போய்விட்டீர்கள்.

நான் நேராக்கத்தான் செய்தேன். கிணற்றடியில் ஒரு கூட்டமும் பலாமரத்தடியில் ஒரு கூட்டமுமாக உட்கார்ந்த ஆசிரியர்களை ஒரே அறைக்குள் கொண்டுவந்தேன். மாதாமாதம் பரீட்சை வைத்தேன். பெண்பிள்ளைகளைச் சேர்த்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் முதல் மணிக்கு நானே கேட்டில் நின்று வருகிற ஆசிரியர்களைக் குறிப்பது என்று ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். பிந்தியாவது வந்தவருக்கு நீல மை, வராதவருக்குச் சிவப்புக் கோடு. காரணம் எதுவும் கேட்கப்படாது. அந்த விதிக்கு முதலில் முணுமுணுத்தவர் நீங்கள், முதலில் கையைத் தட்டியவரும் நீங்கள்.

நாம் சண்டை போட்டது அதற்காக அல்ல. பிள்ளைகளின் பெயர் எழுதும் சேர்க்கைப் புத்தகத்துக்காக.

ஞாபகம் இருக்கிறதா? ஒரு நாள் தமிழ்க் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் வந்து, புத்தகத்தில் 'தாய்மொழி' கட்டத்தில் எத்தனை பேர் தமிழ் என்று கேட்டார்கள். மறுநாள் மலையாளப் பக்கத்துக்காரர்கள் வந்து அதையே மாற்றிக் கேட்டார்கள். இரண்டு தரப்பும் என் பிள்ளைகளைத் தலை எண்ணுகிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கட்டமே இல்லாமல் புதுப் புத்தகம் அச்சடிக்கச் சொன்னேன். சண்டை வாசலோடு நின்றுவிடும், உள்ளே எல்லோரும் பிள்ளைகள் மட்டும்தான் என்று நினைத்தேன். ரொம்பப் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

நீங்கள் அந்தப் புதுப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு மேஜையில் போட்டீர்கள்.

"மக்கா, இது தப்பாக்கும். எண்ண வாறவன் ஊருக்குள்ள போய்க் காதுகொடுத்துக் கேக்கமாட்டான். புக்கத்தான் பாப்பான். புக்குல இல்லாதது ஊருலயும் இல்லேண்ணு எழுதீட்டுப் போவான்."

"அண்ணா, நம்ம அம்மை தமிழில செபம் பண்ணுவா. சந்தையில மலையாளம் பறைவா. அவள எந்தக் கட்டத்தில எழுதச் சொல்லுதீங்க?"

"அம்மைக்கிட்ட கேளு. அவ சொல்லுவா. நீ ஆரிட்டயும் கேக்காம அழிச்சியே, அதாக்கும் தப்பு."

நான் புதுப் புத்தகத்தை என் பக்கம் இழுத்து மூடினேன். பிரின்சிபால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன் அல்லவா, பதில் சொல்லவேண்டிய அவசியம் இல்லை என்று தோன்றியது. நீங்கள் குடையை எடுக்காமலே போனீர்கள். அது இன்னும் நீங்கள் தமிழ் எடுத்த மூன்றாம் பீரியட் அறையின் ஜன்னல் கம்பியில் தொங்குகிறது.

அதற்கடுத்த வாரம் ஊர்வலத்தில் உங்களைப் போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். காலேஜ் நாள் கணக்கில் பதினொரு நாள் உள்ளே வைத்தார்கள். அந்தப் பதினொரு நாளும் நான் கேட்டில் நின்று, உங்கள் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு போட்டேன். கூடப்பிறந்தவன் என்று விட்டால் நாளைக்கு யார் என் விதியை மதிப்பார்கள்? கமிட்டித் தலைவர் வேலப்பன் பிள்ளைகூட, "சாறு எங்க இருக்காருண்ணு ஊருக்கே தெரியும். அந்த இடத்த வெறுதே விடப்பிடாதா கிரேசே?" என்று கேட்டார். முடியாது என்றேன். என் நேர்மையை நானே மெச்சிக்கொண்டேன் அண்ணா. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

வெளியே வந்த அன்று நேராக காலேஜுக்குத்தான் வந்தீர்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினீர்கள். என் மேஜையில் இருந்த ஹாஜர் புத்தகத்தை எடுத்து, விரலால் தொட்டுத் தொட்டு அந்தக் கோடுகளை எண்ணினீர்கள். எண்ணி முடித்துச் சிரித்தீர்கள்.

"நல்ல கைதான் மக்கா. ஒண்ணுகூட கோணல."

அவ்வளவுதான் சொன்னீர்கள். மறுநாள் முதல் காலேஜுக்கு லீவு, திறந்ததும் வாறேன் என்றீர்கள். ஜெயிலில் பிடித்த காய்ச்சல் விடவில்லை. பதினாறாம் நாள் நாங்கள் உங்களைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம்.

துக்கம் கழித்து காலேஜ் திறந்த காலையில் கேட்டில் நின்றேன். ஒவ்வொருவராக வந்தார்கள். உங்கள் பெயர் வந்ததும் சிவப்புப் பேனாவை எடுத்தேன். அதை மூடி வைத்தேன். நீல மையில் குறித்துவிட்டு உள்ளே போனேன். ஒரு நாள் என்றுதான் நினைத்தேன். மறுநாளும் அப்படியே ஆயிற்று.

ஆனால் ஒன்று சொல்கிறேன், நம்புவீர்களா? நான் வெறுமனே பொய் எழுதவில்லை. மூன்றாம் பீரியட் மணி அடித்ததும் அந்த அறையில் உங்கள் செருப்புச் சத்தம் கேட்கும். பாடம் தொடங்கும் முன் தொண்டையைச் செருமுவீர்களே, அதுவும் கேட்கும். வேறு ஆசிரியரை அந்த பீரியடுக்குப் போட்டேன். இரண்டு நாள் எடுத்துவிட்டு, "அம்மா, வேற ஏது பீரியட் வேணும்னாலும் எடுக்கேன். அது மட்டும் வேண்டாம்" என்றார். காரணம் கேட்டதற்கு ஜன்னலில் தொங்கிய குடையைக் காட்டினார். அதன் பிறகு நானே போய் உட்கார்ந்தேன். பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கொடுத்துவிட்டு, நான் குடையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குப் பயமாக இருக்கும். இருந்தாலும் அந்தச் சத்தம் ஒரு நாள் நின்றுவிடுமோ என்று அதைவிடப் பயமாக இருக்கும்.

இப்போது ஊர்ச் செய்தி. எல்லை முடிவாகிவிட்டது அண்ணா. தெற்கே நாலு தாலூகா தமிழ்நாட்டோடு போயிற்று. எல்லைக்கு அந்தப் பக்கம் களியக்காவிளையில் சந்தோஷத்தில் வெடி போட்டார்கள், சத்தம் இங்கே வரை கேட்டது. நம் நெய்யாற்றின்கரை தாலூகா கேரளத்துப் பக்கமே நின்றுவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அழுதிருப்பீர்களா, இல்லை அன்றைக்கும் மூன்றாம் பீரியடுக்குப் பிந்தி வந்திருப்பீர்களா?

போன வாரம் திருவனந்தபுரத்திலிருந்து கல்வி அதிகாரி ஒருவர் வந்தார். நல்ல மனுஷர். இனி நம் காலேஜில் தமிழ்ப் பிரிவு வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் வந்தார். முதலில் சேர்க்கைப் புத்தகத்தைக் கேட்டார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார்.

"இதில் தமிழ் குட்டிகள் ஆருமில்லல்லோ டீச்சரே" என்றார். தமிழ்ப் பிள்ளைகள் ஒருவரும் இல்லையே என்கிறார்.

நீங்கள் சொன்னதை அப்படியே அவர் வாயால் கேட்டேன். வெளியே வராந்தாவில் பிள்ளைகள் தமிழில் சத்தம் போட்டு விளையாடுகிறார்கள். அது அவர் காதிலும் விழுகிறது. ஆனால் புத்தகத்தில் இல்லை.

பிறகு இந்த வருஷத்து ஹாஜர் புத்தகத்தை எடுத்தார். உங்கள் பெயரில் அவர் விரல் நின்றது. "இந்த சாமுவேல் சார் தமிழ் அத்யாபகனல்லே? ஒரு திவசம் போலும் லீவில்ல. மிடுக்கன். விளிக்கூ, காணட்டே" என்றார். ஒரு நாள்கூட லீவு எடுக்காத கெட்டிக்காரரைக் கூப்பிடுங்கள், பார்க்கவேண்டும் என்கிறார்.

கூட இருந்த வேலப்பன் பிள்ளைதான் மெல்ல, "மரிச்சு போயி சாறே" என்றார். அதிகாரி என்னைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். தமிழ்ப் பிள்ளை ஒன்றுகூட இல்லாத காலேஜில், உயிரோடு இல்லாத ஒரு தமிழ் வாத்தியார் மட்டும் தினமும் தவறாமல் வந்துகொண்டிருந்தார். இதை நான்தான் செய்து வைத்திருந்தேன், இரண்டையும்.

அவர் சத்தம் போடவில்லை. பத்து நாள் தவணை கொடுத்தார். பிள்ளைகளின் மொழியைக் கேட்டு எழுதவேண்டும், உயிரோடுள்ள ஒரு தமிழ் ஆசிரியரைக் காட்டவேண்டும், ஹாஜர் புத்தகத்தைத் திருத்தி நடந்ததை என் கையெழுத்தில் ஒப்புக்கொண்டு தரவேண்டும். இல்லாவிட்டால் தமிழ்ப் பிரிவு மூடப்படும். பிரின்சிபால் விஷயத்தை மேலே உள்ளவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அன்று சாயங்காலம் மயினியிடம் போனேன். நீங்கள் போன பிறகு உங்கள் மனைவி என்னோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. ஹாஜர் விஷயம் அவர்கள் காதுக்கு முன்னமே எட்டியிருந்தது. முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிரவே இல்லை.

"எனக்க வீட்டில அவரு இல்லேண்ணு நான் ஒவ்வொரு நாளும் அறியுதேன் கிரேசே. அவருக்க தட்ட எடுத்து வச்சிட்டுத் திரும்ப உள்ள வைக்கேன். நீ அங்க இருந்து உண்டுண்ணு எழுதுதியா? ஒனக்கு எளிதாட்டு இருக்கு, இல்லியா?"

"மயினி, எனக்குச் சிவப்பு மை எடுக்க முடியல்ல."

"அவரு ஜெயில்ல கிடந்தப்ப எடுத்தியே."

நெல்லின் மேலேயே உட்கார்ந்து அழுதேன். மயினி நெல் அளைந்த கையை முந்தானையில் துடைத்தார்கள். பிறகு என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, சேலையில் ஒட்டிய நெல்லைத் தட்டிவிட்டார்கள். "அவருக்கு ஒனக்க மேல கோவம் இல்ல கேட்டியா. கடைசி நாளுகூட, அவ நல்லா நடத்துதாண்ணுதான் பறஞ்சாரு. எனக்குத்தான் கோவம்" என்றார்கள். அப்புறம், "ஆரு எடுக்கா இப்ப தமிழு?" என்று கேட்டார்கள்.

கல்யாணத்துக்கு முன் மிஷன் பெண்கள் பள்ளியில் மயினி தமிழ் எடுத்தது உங்களுக்குத்தான் தெரியுமே. எனக்கு மறந்தே போயிருந்தது.

பிள்ளைகளிடம் ஒவ்வொருவராகக் கேட்டேன் அண்ணா. கட்டம் போட்டு எழுதினேன். தமிழ் என்று சொன்னவர்கள் இருபத்து மூன்று பேர். தனுவச்சபுரத்திலிருந்து வருகிற ஒருத்தி வீட்டில் தமிழ்தான் பேசுகிறாள், ஆனால் "மலையாளம்னு எழுதுங்கம்மா, எனக்கு இஞ்ச ஜோலி கிட்டணும்" என்றாள். அப்படியே எழுதினேன். நீங்கள் கேட்கத்தானே சொன்னீர்கள், திருத்தச் சொல்லவில்லையே. அவள் சொன்னதை எழுதும்போது எனக்கு வலித்தது, ஆனாலும் வெறும் இடமாக விட்டதைவிட இது மேல்.

இன்று சனிக்கிழமை. எல்லோரும் மத்தியானமே போய்விட்டார்கள். உங்கள் அறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஒப்புதல் கடிதமும் எழுதி முடித்துவிட்டேன். நீங்கள் இறந்த பிறகு போட்ட நீல மைக் குறிகள் எல்லாம் பொய் என்று எழுதினேன். அதோடு நிறுத்தவில்லை. அந்தப் பதினொரு சிவப்புக் கோடுகளும் பொய் என்று எழுதினேன். அந்த நாள்களில் இந்த ஆசிரியர் இந்தப் பிள்ளைகளுக்காகவே வேலையில் இருந்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் இருந்தபோது இல்லை என்றும், இல்லாதபோது இருக்கிறீர்கள் என்றும் எழுதியவள் நான். இதற்காக நாற்காலி போனால் போகட்டும்.

திங்கட்கிழமை உங்கள் பெயர் இருந்த வரியில் மயினியின் பெயர் இருக்கும். மூன்றாம் பீரியட் அவர்களுடையது. குடையைக் கழற்றவேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி எந்தப் பிள்ளையையும் கேட்காமல் எழுதமாட்டேன், கேட்காமல் அழிக்கவும் மாட்டேன். நான் இந்தக் கேட்டில் நிற்கிற வரை மூன்றாம் பீரியடில் தமிழ் இருக்கும். முதல் மணி அடித்து நான் புத்தகத்தை மூடிய பிறகு, வழக்கம்போலப் பிந்தி நீங்கள் வருவீர்கள் என்று எனக்குத் தெரியும். வாருங்கள் அண்ணா. நான் பார்ப்பேன், ஆனால் இனிக் குறிக்கமாட்டேன்.

பதினொரு நாள் உங்களை இல்லை என்று எழுதிய உங்கள் தங்கச்சி,
கிரேஸ்