கையெழுத்து விழாத மூன்று வாரம்

ட்ராசா,
29.10.1987

அன்பு மகள் இந்திராவதிக்கு அப்பா எழுதுவது. மாரியம்மன் காப்பில் இங்கே நாங்கள் மூவரும் சுகம். ஆக்லாந்தில் நீயும் மாமா வீட்டாரும் குளிரைத் தாங்கிக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. கரும்பு பாதி வெட்டினபடி நிற்கிறது, மில்லுக்கு லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. நீ வாத்தியார் படிப்பை முடித்துவிட்டுப் போனதில் எங்களுக்குப் பெருமை.

அக்கா, அப்பா சொல்லி நான் எழுதியது இவ்வளவுதான். வழக்கம்போலக் காகிதத்தின் அடியில் முதலிலேயே கையெழுத்தைப் போட்டுவிட்டு, “மிச்சத்த நீயே எழுதி ஆசீர்வாதம் போட்டு மூடிடு புள்ள” என்று சொல்லிப் படுக்கப் போய்விட்டார். மிச்சம் இதுதான். ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து ராத்திரியில் பயம்தான், ரோட்டில் ராணுவ லாரி சத்தம் கேட்டால் விளக்கை ஊதிவிட்டு, அது போனபிறகு மறுபடி ஏற்றி எழுதுகிறேன். வோட்டுவாலேவு ஊர் அஞ்சலை அக்கா சனிக்கிழமை விமானம் ஏறுகிறார், அவர் பெட்டியில் உன் ஃபைலோடு இது வரும். ஏர்போர்ட்டில் சிப்பாய்கள் பெட்டியைக் கொட்டிக் காகிதங்களைப் புரட்டிப் பார்க்கிறார்களாம். எனக்கு இங்கிலீஷில் எழுதுவதுதான் சுலபம், ஆனால் தமிழ் என்றால் அவர்களுக்குப் புரியாது. அப்பாவுக்கோ தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும், அதனால் அவர் எழுந்திருப்பதற்குள் ஒட்டிவிட வேண்டும். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் போன வாரம் வந்தது. அங்கே காலேஜில் சேர இங்கே நம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திச் செய்த ஆசிரியர் பயிற்சியின் ஃபைல் முழுதாக வேண்டும், ஆறு வாரத்தில் மூன்றுதான் எழுதியிருக்கிறாய், மிச்ச மூன்றையும் நான் எழுதி ஹெட்மாஸ்டர் சதேந்திராவிடம் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும், இல்லையென்றால் ஜனவரியில் விசா முடிந்து நீ திரும்ப வேண்டியதுதான் என்று எழுதியிருக்கிறாய். என் எழுத்தும் உன் எழுத்தும் ஒரே மாதிரிதானே, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றும் கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்வியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபத்தில்தான்.

பயிற்சியில் மூன்று வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை நீ போனாய். காய்ச்சல் என்று சொல்லச் சொன்னாய், திங்கட்கிழமை நானும் சொன்னேன். சுஷீலா டீச்சர் ஜூலையிலேயே கனடா போய்விட்டதால் மூன்றாம் வகுப்புக்கு உன்னைத் தவிர யாரும் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஹெட்மாஸ்டர் எங்கள் எட்டாம் வகுப்புக்கு வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, அக்காவுக்குக் காய்ச்சல் விடுகிறவரைக்கும் நீ போய் உட்கார் என்று என்னையே அனுப்பினார். நான் பொய் சொன்னதால் மறுக்க முடியவில்லை. அந்தக் காய்ச்சல் விடவே இல்லை அக்கா. உன் மிச்ச மூன்று வாரமும் முடிந்து இன்றுவரை நான்தான் போகிறேன். அடுத்த மாதம் எனக்கு எட்டாம் வகுப்புப் பரீட்சை, என் கணக்கு நோட்டில் ஒரு மாதமாக ஒன்றும் எழுதவில்லை.

நீ மேசையில் விட்டுப்போன பாடத்திட்ட நோட்டுத்தான் எனக்குக் கிடைத்தது. நோக்கம், கருவிகள், படிகள், கடைசியில் ‘பாடம் முடிந்தபின் ஆசிரியை எண்ணியது’ என்று ஒரு கட்டம். அதில் நீ எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாய். குழந்தையின் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். லெக்சரர் பக்கத்தில் பென்சிலால் மிக நன்று என்று போட்டிருக்கிறார். நான் அதை நம்பினேன். பின்னப் பாடத்துக்கு முப்பது காகித வட்டம் என்று நீ எழுதியிருந்தாய். வகுப்பில் இப்போது பத்தொன்பது பேர்தான், காகிதமும் இல்லை. அப்பாவின் கத்தியால் கரும்பை நான்காக நறுக்கிக் கொண்டுபோனேன். கால், அரை, முக்கால் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கருவிகளை எல்லாம் தின்றுவிட்டார்கள். மறுநாள் பாடம் முடிந்த பிறகுதான் தின்னலாம் என்று சொல்லி வைத்தேன், அன்றைக்கு எல்லோருக்கும் பின்னம் வந்துவிட்டது. இதை எந்த லெக்சரரும் வந்து பார்க்கவில்லை.

சவேனியிலிருந்து நடந்து வருகிற ஆஷாவை உனக்கு ஞாபகம் இருக்கும், பேசவே பேசாத பெண் என்று நோட்டில் எழுதியிருக்கிறாய். இரண்டாவது வாரம் அவள் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, “நீயும் இந்திரா மேடம் மாதிரி சொல்லாமப் போயிடுவியா?” என்று கேட்டாள். தெரியாது என்று சொல்ல வேண்டும் என்று நீ எழுதியிருக்கிறாய். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டாயே, அவளிடம் கேள்.

எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். பதினைந்து நாளுக்கும் நான் நடத்தினதை நடத்தினபடி எழுதினேன். ஆசிரியை பெயர் என்ற இடத்தில் சுமித்ரா, எட்டாம் வகுப்பு என்று போட்டேன். நேற்று ஹெட்மாஸ்டரிடம் கொண்டுபோனேன். முதலில் சிரித்தபடி, “உங்க அக்கா எங்கயாவது நல்லா இருக்கட்டும், கொண்டா போடறேன்” என்று பேனாவைத் திறந்தார். உன்னுடைய மூன்று வாரத்துக்கும் படபடவென்று போட்டார். என் பெயரைப் பார்த்ததும் பேனா நின்றுவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் நடத்தினாள் என்று எழுத்தில் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை, இன்ஸ்பெக்டர் பார்த்தால் என்னைத் தொலைத்துவிடுவார், பெயரை மட்டும் மாற்றிக் கொண்டு வா, இப்போதே போடுகிறேன் என்றார். நடக்காததற்குக் கையெழுத்துப் போட அவருக்கு அதிகாரம் இருக்கிறது, நடந்ததற்கு இல்லை. நான் பயந்துகொண்டே ஃபைலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இன்று அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் காலையில் மணி அடித்ததும் மூன்றாம் வகுப்புக்குப் போ என்று கையைக் காட்டினார்.

ஆகையால் ஃபைலில் உன் மூன்று வாரம் கையெழுத்தோடும் என் மூன்று வாரம் கையெழுத்து இல்லாமலும் இருக்கும். என் பக்கங்களைக் கிழித்துவிட்டு நீயே வேறு எழுதிக் கொடுத்தால் இங்கிருந்து எனக்குத் தெரியப்போவதில்லை. அப்படியே காட்டி, எங்கள் நாட்டில் இப்படி ஆகிவிட்டது, நான் பாதியில் வந்துவிட்டேன் என்று சொன்னாலும் சொல்லலாம். நீ திரும்பி வர வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை, இங்கே வந்து நீயும் என்ன செய்வாய். பொய்யை மட்டும் என் கையால் எழுத முடியாது. படிப்பு முடியவில்லை என்று அப்பாவுக்கு நீயே எழுது. மில்லுக்குப் போகிற வழியெல்லாம் மூத்தவள் டீச்சர் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார், என்னால் கேட்க முடியவில்லை. கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே என்று அம்மா சொன்னார், அதைச் சொல்ல மறக்கவில்லை.

பாடத்திட்டத்தின் அந்தக் கடைசிக் கட்டத்தில், ஆசிரியை எண்ணியது என்று என்ன எழுதுவது என்று மூன்று நாள் யோசித்தேன். கரும்பைப் பற்றியும் ஆஷாவைப் பற்றியும் எழுதினால் அது உனக்கு மதிப்பெண்ணாகிவிடும் என்று தோன்றியது, அதனால் எழுதவில்லை. பதினைந்து நாளுக்கும் ஒரே வரிதான் எழுதியிருக்கிறேன்: இன்று ஆசிரியை வரவில்லை, பாடம் நடந்தது.

அம்மன் உன்னைக் காக்கட்டும், நோய்நொடி இல்லாமல் இரு, அடுத்த கடிதத்தில் உடம்பைப் பற்றி எழுது. இது அப்பா சொல்லச் சொன்ன ஆசீர்வாதம். அவர் கையெழுத்துக்கு மேலே அவருக்குத் தெரியாததை நானும் எழுதியிருக்கிறேன், அது சரியில்லை என்று தெரிகிறது. அதனால் யார் எழுதியது என்பது இருக்கட்டும் என்று பக்கத்தில் என் பெயரையும் போடுகிறேன்.

உன் அப்பா,
ராஜேந்திரா

எழுதியவள்,
சுமித்ரா