திமிங்கிலத்தின் தொண்டை

சிநேகிதா,

இன்று காலை வீட்டில் காய்ந்த கூனி இறாலை வறுத்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும், சவரம் பாதியில் நிற்க, உன்னை நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீ கண்ணை மூடி மூன்று மாதமாகிறது.

பல வருஷம் முன்பு, உன் தம்பி கட்டுமரத்தோடு காணாமற்போன பதினோராம் நாள். எண்ணூர்க் கரையில் செத்த திமிங்கிலம் ஒன்று ஒதுங்கியது. துறைமுகத்தில் சாக்குகளுக்கு அடையாளம் எழுதுகிற நான், லீவு நாளாயிற்றே என்று வேடிக்கை பார்க்க வந்தேன். பார்த்தோமா, போனோமா என்றிருக்கக் கூடாதா? “இது ஆள அப்டியே முழுங்கும்பா. பொஸ்தவத்துல படமே போட்டுகீது” என்று கூட்டத்தில் அளந்துவிட்டேன். எட்டு வருஷம் பள்ளிக்கூடம் போனவன் சொல்கிறான் என்று உங்கள் குப்பமே நம்பிவிட்டது.

“அப்பால இன்னாத்துக்குக் காத்துகினு கீறது? நாளைக்கே காரியத்த முடிச்சு தாலிய வாங்கிடலாம்” என்றார் உன் சித்தப்பா.

உன் தம்பி மனைவி தாலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். நெல்லூர்க் கரையில் ஒதுங்கிப் பிழைத்து, மாதம் கழித்துத் திரும்பியவர்கள் உண்டென்று அவளுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

நீ என்னைத் திட்டவில்லை. திறந்து கிடந்த அந்த வாய்க்குள் குனிந்து நுழைந்தாய்.

“வா வாத்யாரே, பல்லு எங்க கீதுன்னு காட்டு.”

பல்லே இல்லை. மேல்வாயில் துடைப்பங்களைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் நார் நாராக இருந்தது. தண்ணீரோடு வாரி, தண்ணீரை வெளியே தள்ளி, நாரில் தங்கும் பொடி மீனைத்தான் விழுங்கும் என்றாய். தொண்டையைக் கையால் அளந்தாய். “என் தலையே பூராது. எந்தம்பி எப்டிப் பூந்தான்?”

சித்தப்பா அதற்கும் மசியவில்லை. கத்தி வாங்கி வயிற்றைக் கிழித்தாய். நாற்றத்தில் கூட்டம் பத்தடி பின்வாங்கியது, நான் இருபது. உள்ளே கூடை கூடையாகக் கூனியும் நெத்திலியும்.

உன் தம்பி மனைவி மட்டும் மூக்கைப் பொத்தாமல் வந்தாள். இரண்டு கையாலும் அளைந்து அளைந்து பார்த்தாள்.

“எம் புருசன் இதுல இல்ல. நான் காத்துகினு கீறேன்” என்றாள். சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குப்பத்துக்கு நடந்தார்.

அவன் வரவேயில்லை. இரண்டு மழைக்காலம் கழித்து, யாரும் சொல்லாமல், ஒரு விடியலில் அவளே தாலியைக் கழற்றிக் கடலில் விட்டாள்.

திமிங்கிலத்தைக் கிழித்த அன்று திரும்பும் வழியில் நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்ததும் நீ சிரித்தாய். “தெரிலன்னா தெரிலன்னு சொல்லு மாமு. வாயி கோணிக்காது.”

இப்போது என் பிள்ளைகள் கேட்பதில் முக்கால்வாசிக்கு அதைத்தான் சொல்கிறேன். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று வீட்டில் பெயராகிவிட்டது. ஆகட்டும். என் வாயால் இன்னொருத்தி தாலியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.